அவித்த நாடா

நான் துறைமுகக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் ஐயா என்னிடம் பெயரைக் கேட்கவில்லை. ஊரைத்தான் கேட்டார். கிளிவெட்டி என்றேன்.

"மாரிக்கு அங்க எத்தினை நாள் பாதை வெட்டுப்படும், தம்பி?"

"பெரிய வெள்ளம் எண்டால் பத்து நாள் வரும் ஐயா. பிறகு வடிஞ்சிடும்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"பத்து நாள் காணாது. ஒரு பத்தாயிரம் வருசம் வெட்டுப்பட்டுக் கிடந்திருந்தா உம்மில ஏதும் வித்தியாசம் வந்திருக்கும்."

அப்போது என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஏதும் வித்தியாசம் வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ப் பத்து வருடம் அளவில் ஆகியிருந்த காலம் அது. நூறு பேர் இருந்து வேலை செய்த கட்டிடத்தில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். வேலை செய்தோம் என்று எழுத மனம் வரவில்லை. ஐயாவின் பொறுப்பு எலி. வரும் கப்பல்களின் கயிறுகளில் எலி இறங்காதபடி தகர வட்டங்கள் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, பண்டகசாலைகளில் கூடு வைத்துப் பிடிப்பது, பிடிபட்டதைக் கொன்று அளந்து கொப்பியில் எழுதுவது. எதற்காக அளக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எப்போதோ அளக்கச் சொன்னாராம். அவர் கப்பலேறினார். அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏற மறந்துபோனார்.

ஆகவே எங்கள் ஐயா அளந்தார். அளப்பதுதான் அவர். கழுத்தில் தையற்காரர் போல ஒரு துணி நாடா எந்நேரமும் தொங்கும். தேநீர்க் கடையில் வடை வைத்தால் அளப்பார். என் மேசை போன வாரம் நின்ற இடத்திலிருந்து இரண்டங்குலம் யன்னல் பக்கம் போயிருப்பதை அளந்து சொல்லி, "காத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறீர்" என்றார். நான் நகர்த்தியது உண்மை. அளவை வைத்துக்கொண்டு ஒருவர் ஆசையைக் கண்டுபிடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் இந்த வடையும் மேசையும் எல்லாம் கைப்பழக்கத்துக்கு. அவருடைய உயிர் துறைமுகத்துக்குள் இருந்த ஒரு சின்னத் தீவில் இருந்தது. பாறையும் பற்றையும் உடைந்த பீரங்கி மேடையும் தவிர அங்கே எதுவும் இல்லை. மனிதர் இல்லை, பூனை இல்லை, பாம்பு இல்லை. எலி இருந்தது. என்றோ உடைந்துபோன ஒரு பாய்க்கப்பலில் வந்தவை என்பது அவர் ஊகம். மாதம் ஒருமுறை கந்தோர்ப் படகில் அங்கே போவார். துணைக்கு என்னையும் அழைப்பார். படகோட்டி கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் காக்கா என்போம். அவருக்கு எங்கள் இருவரையும் பார்த்தால் சிரிப்பு.

"இந்த எலியெல்லாம் நீந்தி வந்ததா இருக்கும் ஐயா. எங்கட துறையில எலி நீந்துறத நான் கண்டிருக்கன்."

"நீந்தும் காக்கா. இஞ்ச ஏலாது. இந்த இடத்து நீரோட்டத்தில தேங்காய்ப் பொச்சைப் போட்டுப் பார்த்தனான். இருபத்தேழு பொச்சு. ஒண்டும் தீவில ஏறேல்லை. எல்லாம் வெளிக்கடலுக்குப் போயிட்டுது."

"பொச்சுக்குக் கையும் காலும் இல்லையே ஐயா."

அவர் அதற்குக் கோபிக்கவில்லை. அடுத்த மாதம் முப்பது பொச்சுக் கொண்டுவந்தார்.

தீவு எலியை அவர் கொல்வதில்லை. அது அவருடைய கடமை எல்லைக்கு வெளியே இருந்தது. அவை பட்டப்பகலில் பற்றையிலிருந்து வரும். எங்களைக் கண்டு ஓடா. கொப்பறாத் துண்டு ஒன்றைப் பாறையில் வைத்தால் அவர் காலில் போட்டிருக்கும் சப்பாத்தின்மேல் ஏறி நின்று தின்னும். தின்கிற நேரத்தில் பக்கத்தில் நாடாவை நீட்டி மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்துவிடுவார். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கிற பிள்ளை போல அதுவும் நிற்கும்.

"எலிக்கு ஏன் சின்ன உடம்பு, சொல்லும் பாப்பம்?" என்று படகில் கேட்பார்.

"தெரியாது ஐயா." எத்தனையோ முறை கேட்டிருந்தாலும் தெரியாது என்பதுதான் மரியாதை.

"ஒளிக்கிறதுக்கு. பாம்பு வரும், கீரி வரும், பூனை வரும். பொந்துக்குள்ள பூந்தால்தான் உயிர். தீவில ஆர் வருவினம்? ஒருத்தரும் இல்லை. அப்ப ஆருக்கு ஒளிக்கிறது? எலிக்கு எலிதான் போட்டி. இருக்கிற தீனுக்கு அடிபாடு. பெரிசு வெல்லும், பெரிசு குட்டி போடும். அப்பிடியே பெருத்துக்கொண்டு போகும். பயமும் விட்டுப் போகும்."

"அப்ப ஆனையை விட்டா, ஐயா?" என்றார் காக்கா.

"ஆனை சிறுக்கும். அதுக்குத் தீன் காணாது. சின்ன ஆனைதான் தப்பும். தீவில சின்னது பெருக்கும், பெரிசு சிறுக்கும்."

துறைமுகத்துக்குள் யானையின் பெயர் வைத்த தீவு ஒன்று உண்டு. காக்கா அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அதுதானா அங்க ஒரு ஆனையையும் காணல்ல! சிறுத்துச் சிறுத்து நண்டு வளைக்குள்ள போயிட்டுப் போல."

"அது வெள்ளைக்காரன் வைச்ச பேர், காக்கா," என்றார் அவர், மிகுந்த பொறுமையோடு. நகைச்சுவை அவருக்கு நீரோட்டத்தில் போட்ட பொச்சுப் போல. ஏறி நிற்காமல் போய்விடும்.

ஒன்றை மட்டும் அவர் காக்காவுக்குச் சொல்லமாட்டார். கொப்பியைத் திறந்து எனக்குக் காட்டுவார். பன்னிரண்டு வருடத்து அளவுகள். முதல் வருடம் தீவு எலி சராசரி எட்டங்குலம். பிறகு வருடாவருடம் ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக ஏறி, இப்போது எட்டரைக்குக் கிட்ட.

"விளங்குதா? என்ர கண்ணுக்கு முன்னால வளருது. உலகத்தில ஒருத்தனும் இதை இருந்து பார்த்ததில்லை, தம்பி. திருகோணமலையில ஒரு எலி உத்தியோகத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான்."

அந்த நேரத்தில் அவருடைய குரல் இறங்கிவிடும். கோயிலுக்குள் கதைப்பது போல இருக்கும்.

தீவு விதியைக் கந்தோருக்கும் பொருத்துவார். தலைமைக் கிளாக்கர் இங்கே மாற்றலாகி வந்தபோது ஒல்லியான, பணிவான மனிதராம். "கொழும்பில இருந்து ஒரு பூனைகூட வந்து பாக்கிறதில்லை. மனிசன் பெருக்காம என்ன செய்யும்?" மேலதிகாரி பெரிய குரலோடு வந்தவராம், கீழே ஆளில்லாமல் குரல் சிறுத்து, இப்போது தேநீர் கேட்பதற்கே கெஞ்சுகிறார்.

"அப்ப நீங்கள், ஐயா?"

"நான் அளக்கிறவன்," என்றார். அளக்கிறவர்கள் தீவுக்கு வெளியே நிற்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். என்னைப் பற்றி.

ஒருநாள் கொழும்பிலிருந்து உண்மையாகவே ஒரு பூனை வந்தது, கடித வடிவில். அந்தத் தீவில் பெரிய இடத்து விருந்தினருக்கு ஒரு விடுதி கட்டப்போகிறார்கள். மூன்று மாதத்துக்குள் எலிகளை முற்றாக ஒழிக்க வேண்டும். பொறுப்பு, அவர்.

தலைமைக் கிளாக்கர் வாசித்து முடித்துக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"இது செய்யேலாது," என்றார் ஐயா.

"ஏன் ஏலாது? எலி ஒழிக்கிறதுக்குத்தானே அரசாங்கம் உம்மை வைச்சிருக்கு?"

"இது எலி இல்லை."

"பின்ன என்ன, மானோ?"

"எலிதான். ஆனா... வேற எலியா வந்துகொண்டிருக்கிற எலி."

"அப்ப வந்து முடியிறதுக்குள்ள அடிச்சுப்போடும்."

அன்று மாலையே ஐயா பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு விலங்கியல் பேராசிரியருக்கு ஒன்பது பக்கத்தில் கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை பார்த்தது நான். பதில் இரண்டு வாரத்தில் வந்தது: நீங்கள் எழுதியது சரியானால் மிக முக்கியமான விடயம், நேரில் வந்து பார்க்கிறேன், உண்மை என்று கண்டால் வேலையை நிறுத்தும்படி நானே கொழும்புக்கு எழுதுவேன். அந்தக் கடிதத்தை அவர் கொப்பிக்குள் வைத்து, நாளுக்கு நாலு தரம் எடுத்துப் பார்த்தார். நீள அகலத்தை அளந்தும் இருப்பார்.

பேராசிரியர் வருவதற்கு முந்திய ஞாயிறு என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்புவழிபுரத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி அயலுக்குச் சட்டை தைக்கிறவர். நான் அக்கா என்பேன். கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். கொடியில் இரண்டு அளவு நாடாக்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மஞ்சள். மற்றது வெளிறி, ஓரம் சுருண்டு, அவருடையது.

"என்னக்கா, நாடாவைத் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கிறியள்?"

"மஞ்சள் என்ரை. புதுசு, சாயம் ஒட்டிப்போச்செண்டு அலசினனான். மற்றது அவரின்ர எலி நாடா. சும்மா தோய்க்கிறதே! எலியில பட்டதை அவிக்காம என்ர வாசல்படி மிதிக்கக்கூடாதெண்டு கலியாணம் செய்த புதுசிலயே சொல்லிப்போட்டன். கிழமைக்கு ஒருக்கா பால்மா ரின்னுக்குள்ள போட்டு, அரை மணித்தியாலம் கொதிக்கக் கொதிக்க அவிப்பன்."

"எத்தினை வருசமா?"

"பன்னிரண்டு வருசமா. அதே நாடாதான். மாத்தவும் விடமாட்டார். மாத்தினா அளவு பிழைக்குமாம்."

அக்கா குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனதும் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். எலி நாடாவின் அறுபதாம் அங்குலம், மஞ்சள் நாடாவின் ஐம்பத்தேழாம் அங்குலத்தில் வந்து நின்றது.

துணி நாடா. பன்னிரண்டு வருடக் கொதிநீர். எலி வளரவில்லை. நாடா சுருங்கியிருந்தது.

அன்று அக்கா இறால் பொரித்திருந்தார். எனக்கு இறங்கவில்லை. "என்ன தம்பி, உம்மட தீன் சிறுத்துப்போச்சு?" என்று ஐயா கேட்டார். அதுவரை அவரிடம் நான் கேட்ட ஒரே பகிடி அது. சிரிக்கவும் முடியவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். நான் அப்போது செய்தது, ஒரு கோழை தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்கும்போது செய்கிற காரியம். கடைத்தெருவில் அதே மாதிரித் துணி நாடா ஒன்று வாங்கினேன். பழையது போலத் தெரிய, சாயத் தேநீரில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். பேராசிரியர் வந்த அன்று காலை, ஐயா முகம் கழுவப் போன இடைவெளியில், கதிரையில் கிடந்த நாடாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு என்னுடையதைப் போட்டுவிட்டேன். வந்தவர் பிழையான நாடாவைக் கண்டு அவரைப் பரிகசிக்கக்கூடாது என்பது என் திட்டம். சரியான நாடா என்ன சொல்லும் என்பது அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை.

தீவில் இறங்கினோம். பேராசிரியர் மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். எலி வந்து சப்பாத்தில் ஏறியதும் அவர் முகம் சிறுபிள்ளையின் முகமாகிவிட்டது. "இந்தப் பயமில்லாத்தனம் நல்ல அறிகுறி," என்றார். எங்கள் ஐயா நிமிர்ந்து, கழுத்திலிருந்து நாடாவை உருவி, நீட்டி, குனிந்தார்.

"எட்டு," என்றார்.

அடுத்தது. "எட்டு."

மூன்றாவதைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. நாடாவை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது என்ர நாடா இல்லை. தேத்தண்ணி மணக்குது."

காக்கா கடலைப் பார்த்தார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பழைய நாடாவை எடுத்து நீட்டினேன். ஐயா அதை வாங்கினார். இரண்டையும் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நுனிகளில் கல் வைத்தார். ஓர் எலி வந்து இரண்டு நாடாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து முகம் துடைத்தது.

"அவிச்சிருக்கிறா," என்றார் கடைசியில். "நல்லா அவிச்சிருக்கிறா."

"ஐயா, நான்—"

"நீர் கதையாதையும்."

பேராசிரியர் கொப்பியை வாங்கி முதலிலிருந்து புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

"இந்த இடப்பக்க நிரல் என்ன?"

"அது பண்டகசாலை எலி. கடமைக்கு எழுதினது. அதை நான் திரும்பிப் பார்க்கிறதில்லை."

"பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இதுகளும் ஏழங்குலத்தில தொடங்கி ஏழரைக்குக் கிட்ட வந்திருக்கு. ஊர் எலியும் சேர்ந்து வளராது. வளர்ந்தது நாடா. சரி, சுருங்கினது." ஒரு விரலை இரண்டு நிரல்களுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "ஆனா ஒரே நாடாவாலதான் இரண்டையும் அளந்திருக்கிறியள். ஒவ்வொரு வருசத்துக் கணக்கிலயும் தீவு எலி ஊர் எலியை விட ஒரு அங்குலம் பெரிசு. எந்த நாடாவால அளந்தாலும் பெரிசு."

"அப்ப பெருத்தது உண்மை?"

"உண்மை. ஆனா நீங்கள் வாறதுக்கு எவ்வளவோ முந்தி நடந்து முடிஞ்சுது. கண்ணுக்கு முன்னால இல்லை. ஒரு உத்தியோகத்தரின்ர சேவைக்காலத்துக்குள்ள முடியிற அலுவல் இல்லை இது."

ஐயா குனிந்து எலிக்கு முன்னால் இன்னொரு கொப்பறாத் துண்டை வைத்தார். உலகத்தில் ஒருவனும் பார்க்காததைப் பார்த்த மனிதர், நடந்து முடிந்த ஒன்றைக் காவல் காத்த மனிதராக மாறிக்கொண்டிருந்தார். அதற்குப் பத்தாயிரம் வருடம் தேவைப்படவில்லை.

"பெரிசு எண்டது உண்மைதானே," என்றார் மறுபடி. "அது காணும்."

பேராசிரியர் சொன்னபடி கொழும்புக்கு எழுதினார். எங்கள் கந்தோருக்கு ஒரு பிரதி வந்தது. "பிரதிக்கு நாங்கள் நடவடிக்கை எடுக்கிறதில்லை," என்று தலைமைக் கிளாக்கர் அதைக் கடிதக் கோவையில் கோத்து வைத்தார். மூலம் எங்கே போனதோ. கொழும்பும் ஒரு தீவில்தானே இருக்கிறது. மூன்று மாதம் முடிந்தது. விஷம் வந்து இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, படகில் விஷ மூட்டைகளோடு ஒரு பெரிய கூடும் இருந்தது. தீவில் முதலில் கூட்டைத் திறந்து வைத்தார். உள்ளே கொப்பறா. எட்டு எலிகள் வரிசையில் நிற்பவர்கள் போல நடந்து போய் உள்ளே இருந்தன. ஒன்றையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டைப் படகில் ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "தம்பி, கொப்பியை எடும். எழுதும். அஞ்சு பொம்பிளை, மூண்டு ஆம்பிளை. இடமாற்றம். சேவைத் தேவை கருதி."

"எந்த இடத்துக்கு ஐயா?"

காக்காதான் பதில் சொன்னார். "கடலுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச ஒரு கல் இருக்கி தம்பி. ஒருத்தரும் போகாத இடம். மழைத்தண்ணி நிக்கும், பத்தை இருக்கி, நண்டு இருக்கி. ஒங்கட பெரிய கிளாக்கர் மட்டும் இல்ல."

பிறகு ஐயா விஷத்தை வைத்தார். எல்லா மூட்டையையும். ஒன்றைக்கூடக் கடலில் போடவில்லை. அவர் உத்தியோகத்தர். ஓடத் தெரியாத எலிகள் கையிலிருந்தே வாங்கித் தின்றன. அந்த மணித்தியாலம் பூராவும் அவர் எதையும் அளக்கவில்லை. கடமை நேரத்தில் அவருடைய கழுத்து வெறுமையாக இருந்ததை நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

விடுதி கட்டப்படவில்லை. அடிக்கல் மட்டும் நட்டார்கள். அதன்மேல் பற்றை மூடிவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற அன்று பழைய நாடாவைச் சுருட்டி என் கையில் தந்தார். "எலி அளக்கிறதுக்கு மட்டும் பாவியும். ஆளுக்குப் பாவிச்சீரெண்டா எல்லாரும் உயர்ந்தவையாத் தெரிவினம்." பிறகு பாலையூற்றில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே எதை அளந்தாரோ தெரியாது. மூன்று வருடத்தில் போய்விட்டார்.

நான் அதே கந்தோரில், அதே யன்னலுக்குக் கிட்ட இருக்கிறேன். பூனை வருவதில்லை. தலைமைக் கிளாக்கரின் கதிரையில் இப்போது நான்; அது எனக்கு இறுக்கம். காக்காவின் மகன் படகோட்டுகிறான். போன வருடம் அவனைக் கேட்டு அந்தக் கல்லுக்குப் போனேன். காற்சட்டைப் பையில் நாடா இருந்தது.

பாறையில் குந்தி, கொப்பறாத் துண்டை வைத்துக் காத்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் பற்றை அசைந்தது. ஒன்று வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் சப்பாத்தின்மேல் ஏறி நின்று தின்னத் தொடங்கியது. குனிவதற்கு வயிறு இடம் தரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை, அவருடைய நாடாவால் அளந்தேன்.

வளர்ந்துதான் இருந்தது.